மூன்று குழல் ஹாரன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு முட்டாள். சும்மா முட்டாளாக இருந்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை. கெட்டிக்காரன் என்று ஊரே நம்பிய முட்டாள். அதுவும் எதில் கெட்டிக்காரன்? காதில். நம் வயதுக்காரர்கள் பலருக்கு இப்போது ஒரு காது பாதி, ஒரு காது கால் என்று ஆகிவிட்டது. எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. என் காது பத்து வயதிலேயே இப்படித்தான் இருந்தது. வெளியே தெரிய ஐம்பது வருடம் பிடித்தது.

எப்படித் தெரிந்தது என்றால், பேரனால். மருமகள் அவனை நாமக்கல்லில் ஒரு கீபோர்டு வகுப்பில் சேர்த்துவிட்டாள். கூட்டிப்போய்க் கூட்டிவருவது என் வேலை. மூன்றாவது வாரமே அவனுக்குக் கீபோர்டு சலித்து கிரிக்கெட் இனித்துவிட்டது. இனி வரமாட்டான் என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வரத்தான் போனேன். வாத்தியாருக்கு என் மகனைவிட வயது குறைவு. "அவன் வராட்டி என்னங்க சார், நீங்க உக்காருங்க" என்றார். விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பார். நான் உட்கார்ந்துவிட்டேன். சின்னப் பிள்ளைகளுக்கான பிளாஸ்டிக் நாற்காலி. உட்காரும்போது ஒரு சத்தம், எழும்போது இரண்டு சத்தம். அதில் ஒன்று நாற்காலியுடையது.

அந்த வகுப்பில் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, பிள்ளைகளுக்கு மெட்டு என்றால் என்ன என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். அன்றைக்குத்தான் நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று எனக்கே தெரிந்தது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் ஒரு நிலக்கடலைப் பருவத்துக்கு உங்களை இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

புதுச்சத்திரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, நெடுஞ்சாலையை ஒட்டியே எங்கள் ஊர். சாலை அப்போது ஒல்லி. இரண்டு லாரி எதிரெதிரே வந்தால் சைக்கிள்காரன் வயலுக்குள் இறங்கி நின்று வழிவிட வேண்டும். மேற்கே ஒரு ஜவ்வரிசி ஆலை. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் ஊருக்கே புளித்த வாடை. சோற்றில்கூட அந்த வாடைதான். அந்த வருடம் மழை நன்றாகப் பெய்து, கடலை பிடுங்கும் நேரத்திலும் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. எங்கள் எல்லோர் நகத்திலும் செம்மண்.

எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. சாலையோர வாய்க்கால் பாலத்துச் சுவர்மேல் சாலைக்கு முதுகைக் காட்டி வரிசையாக உட்கார வேண்டும். லாரி வரும், ஹாரன் அடிக்கும். திரும்பிப் பார்க்காமல் யார் வண்டி என்று சொல்ல வேண்டும். அதில் என்னை அடிக்க ஆளே கிடையாது. இன்னார் வண்டி, கிழங்கு லோடு, பக்கத்தில் கிளீனர் தூங்குகிறான் என்று சொல்லுவேன். கிளீனர் தூங்குவது ஹாரனில் எப்படித் தெரியும் என்று ஒருவனும் கேட்டதில்லை.

என் உள்ளங்கைக்குள் ஒரு கண்ணாடித் துண்டு இருந்தது. ஏதோ ஒரு லாரியின் பக்கக் கண்ணாடி உடைந்து சாலையோரம் கிடந்ததில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு சில். கையை நெற்றிக்குக் கொண்டுபோய் வேர்வை துடைப்பதுபோல் துடைப்பேன். வண்டி முழுசாகத் தெரியும். அவ்வளவுதான் என் காதின் ரகசியம்.

எனக்கு அடுத்து ஜெயிப்பது எப்போதும் டிரைவர் மாமாவின் மகள். அவளுக்கு என் வயது. அவள் நிஜமாகவே கேட்டுச் சொல்வாள். பல தடவை எனக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். வாயைத் திறப்பதற்குள் நான் கத்திவிடுவேன்.

டிரைவர் மாமா எங்களுக்கு ரத்த உறவில்லை. எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீடு, அதனால் மாமா. சங்ககிரியில் ஒரு முதலாளியிடம் லாரி ஓட்டினார். எங்கள் ஊர் ஆட்களின் வண்டிகளிலேயே அவருடையதில் மட்டும்தான் மூன்று குழல் வைத்த காற்று ஹாரன். கேபின் தலையில் பித்தளைக் குழல்கள், பெரியது, நடு, சின்னது. வாரம் ஒருமுறை புளி போட்டுத் தேய்ப்பார். பெரிய குழல் போம் என்னும். நடுக்குழல் பாம் என்னும். சின்னது பீம். அவர் அடிப்பது இப்படி: போம், பீம், பாஆம். அடியிலிருந்து ஒரே தாவாக உச்சிக்குப் போய், அங்கிருந்து நடுவுக்கு இறங்கி உட்காரும்.

இது வெறும் பந்தா அல்ல. பாலத்து வளைவில் வரும்போதே வீட்டுக்குச் சொல்லும் சேதி. கடைசி பாஆமை இழுத்து அடித்தால் வீட்டுக்கு வருகிறார், உலையை வை என்று அர்த்தம். வெட்டி அடித்தால் நிற்க நேரமில்லை, தூக்குப்போசியில் சோற்றை எடுத்துக்கொண்டு சாலைக்கு வா. அவர் மனைவி, எங்களுக்கு அத்தை, எந்த வேலையில் இருந்தாலும் அந்தக் கடைசிச் சத்தத்துக்குக் காத்து ஒரு விநாடி அப்படியே நிற்பார். கையில் சாணி இருக்கும், மாவு இருக்கும், நின்றபடியே இருப்பார். அதற்குப் பிறகுதான் அடுப்பா சாலையா என்று கால் திரும்பும்.

அந்தப் பருவத்தில் ஒரு விடிகாலை. நான் சாலையோர ஆமணக்குப் புதருக்குள் குத்தவைத்திருந்தேன். எதற்கு என்று நம் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இன்னும் வெளிச்சம் வரவில்லை. முதுகு சாலைப் பக்கம். கண்ணாடிச் சில்லு வீட்டில் இருந்தது. அந்த வேலைக்கு அதை எடுத்துப்போகும் அளவுக்கு நான் கலைஞன் அல்ல. ஒரு லாரி வந்தது. ஹாரன் அடித்தது, மூன்று சத்தம். அடுத்து ஏதோ மோதிய சத்தம். பிறகு பால் கேன் ஒன்று தார்ச்சாலையில் உருண்டு உருண்டு போகும் சத்தம். லாரி நிற்கவில்லை.

சைக்கிளில் பால் கொண்டுபோகும் எங்கள் ஊர்ப் பால்காரருக்குக் கால் முறிந்துவிட்டது. நான் ஓடிப்போய் ஆட்களைக் கூப்பிட்டேன். அதுவரைக்கும் நான் நல்ல பையன்தான்.

அன்று பாலத்துச் சுவரில் பையன்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். நீ கேட்டாயாமே, யார் வண்டி என்று நச்சரித்தார்கள். எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சாம்பியன் தெரியாது என்று சொல்லலாமா? மூன்று சத்தம் கேட்டேன். மூன்று குழல் யாரிடம் இருக்கிறது? சொல்லிவிட்டேன். சத்தத்தை எண்ணத் தெரிந்த எனக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை.

மாலைக்குள் ஊரெல்லாம் அதே பேச்சு. சொந்த ஊர்க்காரனை அடித்துப்போட்டு நிற்காமல் போய்விட்டான் என்று. மறுநாள் கோயில் முன்னால் பெரியவர்கள் கூடினார்கள். பால்காரரைக் கட்டிலோடு தூக்கிவந்து வைத்தார்கள். தடி வைத்துக் கட்டிய கால், பச்சிலை வாடை. லாரியைப் பார்க்கவில்லை, ஹாரன் மட்டும் கேட்டது, அடுத்தது நினைவில்லை என்றார். டிரைவர் மாமா, டயர் வெடித்து அந்த நேரத்தில் சங்ககிரிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்ததாகச் சொன்னார். கூட இருந்தது அவருடைய கிளீனர். கிளீனர் டிரைவருக்குச் சாதகமாகத்தானே பேசுவான் என்று தள்ளிவிட்டார்கள்.

என் அப்பா என் தோளைப் பிடித்து நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். "என்ற பையன் காதுக்குத் தப்பவே தப்பாதுங்க" என்றார். அப்பா கெட்டவர் இல்லை. என்னைப்பற்றிப் பெருமைப்பட அதுவரை அவருக்கு ஒன்றுமே கிடைத்ததில்லை. கணக்கில் முட்டை, ஓட்டத்தில் கடைசி. காது ஒன்றுதான் அவருக்கு மிச்சம். அதைச் சபையில் வைத்துக் காட்ட ஆசைப்பட்டார், பாவம்.

டிரைவர் மாமா என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். முகம் என் முகத்துக்கு நேராக வந்தது. டீசலும் பீடியும் கலந்த வாடை. அவர் அதட்டியிருந்தால் நான் பயந்து உண்மையைக் கக்கியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. அவர் அதட்டவில்லை. பெரியவர்களிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"சாமி, நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லு. என்ற வண்டிதானா?"

நினைத்துப் பார்த்தேன். என்ன நினைத்தேன் தெரியுமா? தெரியாது என்றால், அப்புறம் இத்தனை நாள் எப்படிடா ஜெயித்தாய் என்று கேட்பார்கள். கண்ணாடி வெளியே வரும். பையன்கள் சிரிப்பார்கள். ஒரு மனிதனுடைய பிழைப்பு ஒரு பக்கம், என் கண்ணாடிச் சில்லு மறுபக்கம். சில்லுதான் கனமாக இருந்தது.

"உங்க ஆரன்தானுங்க மாமா."

அவர் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி எழுந்தார். அப்போதுதான் அவர் மகள் பெண்கள் கூட்டத்திலிருந்து வெளியே வந்தாள். அத்தை பாவாடையைப் பிடித்து இழுத்ததையும் மீறி வந்தாள். அவளும் அந்த விடிகாலையில் விழித்துத்தான் இருந்திருக்கிறாள், சத்தம் கேட்டிருக்கிறாள்.

"எங்கய்யனோடது இப்படிங்க" என்று வாயாலேயே அடித்துக் காட்டினாள். போம், பீம், பாஆம். காட்டியதோடு நிற்காமல், குனிந்து ஈர மண்ணில் விரலால் ஒரு கோடு போட்டாள். கீழிருந்து சரேலென்று மேலே போய், பாதி இறங்கி, நீண்டு நின்றது கோடு. "நேத்து கேட்டது இப்படிங்க." போம், பாம், பீம். பக்கத்திலேயே இன்னொரு கோடு. இது படிப்படியாக ஏறி, உச்சியிலேயே முடிந்துவிட்டது. "அதே மூணு சத்தந்தானுங்க. ஆனா இது வேற வண்டி."

ஒரு பத்து வயதுப் பெண் அன்று அந்த மண்ணில் எழுதியதை நான் அறுபது வயதில் நாற்காலி கிறீச்சிட உட்கார்ந்து படித்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

அவள் பேச்சில் சிலர் கொஞ்சம் அசைந்தார்கள். பால்காரர்கூடத் தலையைத் தூக்கி அந்தக் கோடுகளைப் பார்த்தார். அடுத்து அவள் என்னைக் கைகாட்டினாள். "இவன் காதுல கேட்டுச் சொல்றதில்லைங்க, கையில கண்ணாடி வெச்சிருக்கறான்."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது! இத்தனை நாள் தெரிந்தும் யாரிடமும் சொல்லாமல் எனக்கு அடுத்ததாக உட்கார்ந்திருக்கிறாள்.

அந்தச் சில்லை அன்று காலையிலேயே எங்கள் வைக்கோல் போருக்கு அடியில் புதைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆகவே தைரியமாகக் கால்சட்டைப் பை இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினேன். இரண்டு கடலைக்காய் விழுந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

எனக்கு அந்தச் சிரிப்பு போதும். என்னைப்பற்றி உங்களுக்குத் தெரியும், நாலு பேர் சிரித்துவிட்டால் நான் நிற்கமாட்டேன். கன்னத்தை உப்பிக்கொண்டு, விரலைத் தூக்கி, அவள் செய்த மாதிரியே செய்தேன். போம், பாம், பீம்! கடைசி பீமுக்குக் குதிகாலில் எம்பி, கண்ணையும் உருட்டினேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. கட்டிலில் கிடந்த பால்காரர் வலியோடு சிரித்தார். என் அப்பா சிரித்தார். பெரியவர்களில் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும் போ அம்மிணி, பாட்டுக் கச்சேரியா நடக்குது இங்க" என்றார்.

அந்தச் சிரிப்போடு விசாரணை முடிந்துபோயிற்று. யாரோ அந்தக் கோடுகள்மேல் நடந்துபோனார்கள்.

மாமாவை யாரும் அடிக்கவில்லை, தள்ளிவைக்கவும் இல்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கேபின் மேல் ஏறி அவரே குழல்களைக் கழற்றினார். மூன்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டி வீட்டுக்குள் வைத்தார். அதற்குப் பிறகு சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போனார்.

அத்தைக்குத்தான் கால் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. விடிந்ததும் தூக்குப்போசியோடு பாலத்தில் போய் நின்றுகொள்வார். வருகிற லாரி ஒவ்வொன்றையும் எட்டிப் பார்ப்பார். பல நாள் அப்படியே ஆறின சோற்றோடு திரும்பி வருவார். நாங்கள் சுவர்மேல் உட்கார்ந்திருப்போம். அவர் எங்களை ஒருநாளும் திட்டியதில்லை. ஒருமுறை மட்டும் என்னிடம், "கண்ணு, மாமா வண்டி போயிருச்சா?" என்று கேட்டார். என் காதைத்தான் நம்பிக் கேட்டார். நான் இன்னும் இல்லைங்க என்றேன். அன்று அவர் பாலத்துக்கு வரக் கொஞ்சம் பிந்திவிட்டார், அதற்குள் அது போயிருந்தது. திரும்பத் தோண்டி எடுத்து வைத்திருந்த கண்ணாடியில் பார்த்திருந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். போய்விட்டது என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அன்று அவர் வெயில் ஏறும்வரை நின்றார்.

கடலை முடிந்து காடு காய்ந்த சமயத்தில் முதலாளி வேறு டிரைவர் போட்டுவிட்டார். மாமா திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டி ஒன்றில் ஏறி வடக்கே போனார். அத்தையும் மகளும் ஜலகண்டாபுரத்தில் அத்தையின் அண்ணன் வீட்டுக்குத் தறி வேலைக்குப் போய்விட்டார்கள். என் அப்பா, நல்ல காதுள்ள பையன் என்று எனக்கு ஒரு மவுத் ஆர்கன் வாங்கிக்கொடுத்தார். அதில் எனக்கு ஊதவும் உறிஞ்சவும்தான் தெரிந்தது.

அந்த போம், பாம், பீம் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. கல்யாண வீடு, ஆபீஸ் டூர், எங்கே போனாலும் நம் கூட்டாளிகள் அதைச் செய்துகாட்டச் சொல்வார்கள். நானும் குதிகாலில் எம்பிச் செய்வேன். உங்களில் சிலரே பார்த்திருக்கிறீர்கள், சிரித்திருக்கிறீர்கள்.

இப்போது வகுப்புக்கு வருகிறேன். வாத்தியார் சொன்னது இவ்வளவுதான். சுரங்கள் செங்கல் மாதிரி, செங்கல் வீடாகாது. எதற்கு அப்புறம் எது வருகிறது, அடுத்ததற்குப் படியில் ஏறிப் போகிறதா தாவிப் போகிறதா, எதில் எவ்வளவு நேரம் நிற்கிறது, கடைசியில் எங்கே போய் உட்காருகிறது, இதெல்லாம் சேர்ந்துதான் மெட்டு. உட்காராத மெட்டு அந்தரத்தில் தொங்கும். சொல்லிவிட்டு, ஆளுக்கொரு குட்டி மெட்டு வாசியுங்கள், நான் கோடு போட்டுக் காட்டுகிறேன் என்றார்.

எனக்குத் தெரிந்த ஒரே மெட்டை வாசித்தேன். போம், பாம், பீம். கீபோர்டில் ஸ, க, ப. பிள்ளைகள் சிரித்தார்கள். வாத்தியார் பலகையில் ஒரு கோடு போட்டார். படிப்படியாக ஏறி, உச்சியில் முடிந்தது. எனக்கு எங்கேயோ பார்த்த கோடாக இருந்தது. கை தானாகவே இன்னொன்றையும் வாசித்தது. மாமாவுடையது. ஸ, ப, கா. வாத்தியார் முதல் கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது கோடு போட்டார். ஒரே தாவு, பாதி இறக்கம், நீண்ட நிற்றல்.

"மூணும் அதே சுரந்தான். ஆனா ரெண்டும் வேற வேற மெட்டுங்க சார்" என்றார்.

புதருக்குள் நான் கேட்டது உச்சியில் நின்ற சத்தம். அதை நான் மறந்திருந்தால் தப்பித்திருப்பேன். அவளைக் கேலி செய்யவென்று ஐம்பது வருடம் ஒரு சுரம் பிசகாமல் காப்பாற்றி வைத்திருக்கிறேன். அந்த மனிதர் குற்றமற்றவர் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை நானே கல்யாண வீடு கல்யாண வீடாக எடுத்துப்போய்ச் சிரிப்பு மூட்டியிருக்கிறேன். பக்கத்து நாற்காலிப் பெண் குழந்தை, "தாத்தா அழுவறாங்க மாஸ்டர்" என்று வாத்தியாரிடம் சொன்னது. கண்ணில் தூசி என்றேன். குழந்தை நம்பவில்லை.

விசாரித்து விசாரித்து ஜலகண்டாபுரத்தில் வீட்டைக் கண்டுபிடித்தேன். தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம். மாமா காலமாகிப் பல வருடம் ஆயிற்றாம். அதற்கு முன்னாலேயே அத்தை. மகள் தனியாக இரண்டு தறி ஓட்டிக்கொண்டிருந்தார். நரைத்த தலையெல்லாம் பஞ்சுத் தூசி. யார் என்று சொன்னேன். ஒரு தறியை நிறுத்தினார். கொஞ்சம் யோசித்து இன்னொன்றையும் நிறுத்தினார். உட்காரச் சொன்னார், ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியை வைக்கோல் போருக்கு அடியில் புதைத்தது, அத்தையிடம் இன்னும் இல்லைங்க என்று சொன்னது எல்லாவற்றையும். காலைத் தாங்கித் தாங்கி நடந்தபடி அந்தப் பால்காரர் இன்னும் இருக்கிறார், இன்னும் உங்கள் அய்யன்தான் அடித்தார் என்று நம்புகிறார், வருகிற பொங்கலுக்கு ஊர் கூடும்போது அதே கோயில் முன்னால் நின்று நான் பொய் சொன்னதைச் சொல்லப்போகிறேன், நீங்களும் வர வேண்டும் என்றேன்.

"என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

இரண்டையும் அடித்துக் காட்டுவேன் என்றேன். எங்கே, காட்டுங்க என்பதுபோல் பார்த்தார். எழுந்து நின்றேன். எம்பவில்லை, கன்னத்தை உப்பவில்லை. முதலில் அந்த விடிகாலை ஹாரனை அடித்தேன். அவர் தலையசைத்தார். பிறகு அவருடைய அய்யனுடையதை. போம். பீம். பாஆம். கடைசியை மூச்சு முட்ட இழுத்துக்கொண்டு நின்றேன்.

அவர் முடியும்வரை கேட்டார். பிறகு எழுந்து தறிப் பக்கம் போனார். சுவிட்சில் கை வைத்தபடி திரும்பினார்.

"கடைசி இன்னுங் கொஞ்சம் எறங்கோணுங்க."